தீவே தெய்வம்: இட்சுகுஷிமாவின் கடல் கோயில்

கடலுக்குள் நிற்கும் அந்தச் செந்நிற வாயிலின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். நாட்காட்டியில், பயண நிறுவனச் சுவரொட்டியில், நண்பர் ஒருவரின் முகநூல் பக்கத்தில். ஜப்பான் என்றதும் ஃபூஜி மலைக்கு அடுத்து நினைவுக்கு வருவது அனேகமாக அதுதான். ஆனால் அந்தப் படங்களில் பலவும் கோயில் மேடையில் நின்றுகொண்டு, கடலைப் பார்த்து எடுத்தவை. மலைக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தவை.

கடலிலிருந்து, ஒரு படகில் இருந்துகொண்டு பாருங்கள். முதலில் வாயில். அதற்குப் பின்னால் நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாகப் பரந்து கிடக்கும் கோயில். அதற்கும் பின்னால் காடு மூடிய மிசென் மலை, 535 மீட்டர் உயரத்துக்கு நேராக எழும்பி நிற்கிறது. மூன்றும் ஒரே வரிசையில் வரும்போதுதான் வாயில் எதற்கான வாயில் என்று பிடிபடுகிறது. கருவறைக்குள் தெய்வம் உண்டு. ஆனால் மக்கள் முதலில் கும்பிட்டது மலையும் காடும் சேர்ந்த அந்தத் தீவைத்தான். கோயில் பிற்பாடு வந்தது.

ஹிரோஷிமா நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போனால் மியாஜிமாகுச்சி. அங்கிருந்து பத்து நிமிடப் படகுப் பயணத்தில் தீவு. இட்சுகுஷிமா என்பது தீவின் பெயர், மியாஜிமா என்பது எல்லோரும் சொல்லும் பெயர். ஹிரோஷிமாவில் நான் தங்கியிருந்த காலத்தில் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அங்கே போய்வந்தேன். முதலில் வாயிலுக்காகப் போனேன். பிறகு தரைப் பலகைகளுக்காகவும், மான்களுக்காகவும், ஒரு சின்ன ஓடைக்காகவும் போனேன். அந்த ஓடையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கோயில் 593ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது என்பது மரபு. பேரரசி சுய்கோ பட்டத்துக்கு வந்த காலம் அது. சயேகி நோ குராமோத்தோ என்ற உள்ளூர்த் தலைவர் இந்த இடத்தைத் தேர்ந்தார் என்கிறார்கள். தீவின் மண் புனிதமானது, அதில் குழி தோண்டக் கூடாது, மரம் வெட்டக் கூடாது. அப்படியானால் கோயிலை எங்கே கட்டுவது? அலை வந்துபோகும் சேற்றுத் தரையில், நிலமும் அல்லாத கடலும் அல்லாத இடத்தில். கடலுக்குள் கோயில் அமைந்ததற்கு வழிவழியாகச் சொல்லப்படும் காரணம் இதுதான். காட்சிக்கு அழகாக இருக்கட்டும் என்று யாரும் கடலில் இறங்கவில்லை. தெய்வத்தின் மேனியில் கால் வைக்கத் தயங்கியவர்கள் அதன் ஓரத்தில் ஒதுங்கி நின்றார்கள்.

இன்று நாம் பார்க்கும் பிரமாண்டமான அமைப்பு தைரா நோ கியோமோரியின் கற்பனை. 12ஆம் நூற்றாண்டு ஜப்பானின் அரசியலைப் புரட்டிப்போட்ட போர்க்குடித் தலைவர் அவர். 1146இல் இந்தத் தீவு அடங்கிய அகி மாகாணத்துக்கு ஆளுநரானார். அப்போது தொடங்கிய பக்தி, அவர் செல்வாக்கோடு சேர்ந்து வளர்ந்தது. 1167இல் பேரமைச்சர் பதவி, 1168இல் கோயிலுக்குப் புது உருவம். செத்தோ உள்கடலின் வாணிபப் பாதைதான் தைரா குடும்பத்தின் செல்வத்துக்கு ஊற்று. சீனத்துச் சோங் அரசோடு நடந்த வணிகம் அந்த வழியாகத்தான் வந்தது. கடல்வழியைக் காக்கும் தெய்வத்துக்கு அந்தக் கடலிலேயே கோயில் எடுப்பது அவருக்கு இயல்பான நன்றிக்கடன்.

கியோத்தோவின் பிரபுக்கள் அந்தக் காலத்தில் மாளிகைகளை ஒரு குளத்தை நோக்கிக் கட்டுவார்கள். நடுவில் பெரிய கூடம், இருபுறமும் கிளைக் கூடங்கள், அவற்றை இணைக்கும் மூடிய நடைகள், முன்னால் தோட்டமும் குளமும். கியோமோரி அந்த அமைப்பை அப்படியே எடுத்துவந்து, குளத்துக்குப் பதிலாகக் கடலை வைத்தார். எவ்வளவு துணிச்சல்! நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் குளம். ஓதம் மிகுந்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் கிட்டத்தட்ட 4 மீட்டர் வித்தியாசம். காலையில் போனவர்கள் நீரில் மிதக்கும் அரண்மனையைப் பார்ப்பார்கள். அன்று மாலையே வருகிறவர்கள் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் மரக்கூடங்களைப் பார்ப்பார்கள்.

கியோமோரிக்கு அந்த மகிமை நீடிக்கவில்லை. 1181இல் காய்ச்சலில் இறந்தார். 1185இல் தன்னோஉரா கடற்போரில் குடும்பமே அழிந்தது. பட்டத்திலிருந்த அவருடைய பேரன், சின்னஞ்சிறு அந்தோகு, பாட்டியின் கையணைப்பில் கடலில் மூழ்கிப்போனான். தைரா குடும்பத்தார் 1164இல் ஆளுக்கொரு சுருளாகப் பொன்னும் வெள்ளியும் இழைத்துக் காணிக்கையாக்கிய பௌத்த சூத்திரச் சுருள்கள், கியோமோரி எழுதிய வேண்டுதலோடு சேர்த்து மொத்தம் 33, இன்னும் கோயிலின் உடைமையாக இருக்கின்றன. ஜப்பானின் தேசியச் செல்வங்களில் ஒன்று அது. குடும்பம் போய்விட்டது, அவர்கள் கும்பிட்டது நிற்கிறது.

மரம் கடலில் எப்படி நிற்கிறது என்ற கேள்விதான் என்னைத் திரும்பத் திரும்ப இழுத்தது. உப்பு, ஈரம், கப்பல் புழு, புயல் என்று எல்லாமே மரத்துக்கு எதிரி.

கடல் வற்றியிருக்கும் நேரத்தில் வாயிலடிக்கு நடந்தே போகலாம். தொலைவிலிருந்து பார்க்கும்போது மெலிந்து தெரிந்த தூண், பக்கத்தில் போனதும் மிரட்டுகிறது. முதன்மைத் தூணின் சுற்றளவு அடிப்பகுதியில் 9.9 மீட்டர், நாலைந்து பேர் கைகோத்து நின்றாலும் எட்டாது. அதைச் சீவி உருட்டித் தூணாக்கவில்லை. கற்பூர மரத்தின் அடிமரத்தை அதன் முண்டு முடிச்சுகளோடு, புடைப்பும் பள்ளமுமாக அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். செஞ்சாந்துக்கு அடியில் மரத்தின் தசை தெரிகிறது. மேலே போகப் போகச் செந்நிறம். கீழே, கடல் ஏறும் மட்டம்வரை, கறுத்த மரமும் ஒட்டிக்கிடக்கும் கொட்டலசும். ஒரு விரலால் தடவிப் பார்த்தேன். மேலே வழவழப்பு, கீழே அரம்.

இப்போதிருக்கும் வாயில் 1875இல் எழுப்பியது. உயரம் 16.6 மீட்டர், எடை ஏறத்தாழ 60 டன். கிழக்குத் தூண் கியூஷூ தீவின் மியாசாகியிலிருந்தும், மேற்குத் தூண் ஷிகோகு தீவின் ககாவாவிலிருந்தும் வந்தவை. இவ்வளவு பெரிய கற்பூர மரங்களைத் தேடுவதே ஆண்டுக்கணக்கான வேலை. வியப்பு என்னவென்றால், தூண்கள் ஆழமாகப் புதைக்கப்படவில்லை. சேற்றுத் தரைக்குள் பைன் மர முளைகளை நெருக்கமாக அடித்து இறுக்கி, அதன்மேல் கல் பரப்பி, தூண்களை மேலே வைத்திருக்கிறார்கள். வாயில் தன் எடையாலேயே நிற்கிறது. எடை போதாதென்று மேல்விட்டத்தைப் பெட்டிபோல் செய்து, உள்ளே கைக்கு அடக்கமான கற்களை டன் கணக்கில் நிரப்பியிருக்கிறார்கள். முதன்மைத் தூண் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு துணைத் தூண்கள், ஆக ஆறு கால்கள். துணைத் தூண்கள் சுகி என்ற ஊசியிலை மரத்தில் ஆனவை. விட்டத்தின் கிழக்கு முனையில் சூரியன், மேற்கு முனையில் பிறை.

2019 ஜூனில் தொடங்கி 2022 டிசம்பர்வரை வாயிலைச் சாரம் கட்டி, துணியால் மூடிப் பழுதுபார்த்தார்கள். கரையான் அரித்த இடங்களையும் உளுத்த பகுதிகளையும் சுரண்டி எடுத்து, புது மரம் பொருத்தி, கூரைக்கு மீண்டும் ஹினோகி மரப்பட்டை வேய்ந்து, சாந்து பூசினார்கள். உலகெங்கிலுமிருந்து பயணச்சீட்டு எடுத்து வந்தவர்கள் சாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சுற்றுலா நட்டத்துக்காக அவசரப்படாத அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருந்தது. தூண்களின் அடிப்பகுதி உளுத்தால், உளுத்ததை மட்டும் அறுத்து நீக்கிப் புது மரத்தை இணைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். கோயிலின் தூண்களை நெருங்கிப் பார்த்தால், முழங்கால் உயரத்தில் பழைய மரமும் புது மரமும் கவ்விக்கொள்ளும் பொருத்துகள் தெரியும். ஒரு வேதனையும் உண்டு. வற்றிய நேரத்தில் வருகிறவர்கள் வாயில் தூண்களின் வெடிப்புகளில் நாணயங்களைச் செருகுகிறார்கள். வேண்டுதல் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் செருகிய ஒவ்வொரு காசும் வெடிப்பை அகலமாக்குகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். காணிக்கைக்கு உள்ளே பெட்டி இருக்கிறது.

வாயிலைவிட நுட்பமானது கோயிலின் தரை. கிழக்கும் மேற்குமாகச் சேர்த்து ஏறத்தாழ 275 மீட்டர் நீளத்துக்கு நடைகள் வளைந்து வளைந்து போகின்றன. பலகைகளுக்கிடையே கவனமாக விடப்பட்ட இடுக்குகள். பெருங்கடலேற்றத்தில் கீழிருந்து நீர் முட்டும்போது, இடுக்குகள் வழியாக அழுத்தம் மேலே தப்பிவிடும். மழைநீரும் அதே வழியாகக் கீழே இறங்கிவிடும். கடல் ஏறியிருந்த ஒரு பிற்பகலில் அந்த இடுக்கில் கண் வைத்துப் பார்த்தேன். காலுக்கு ஒரு சாண் கீழே பச்சைத் தண்ணீர், அதில் வெயிலின் வரிகள், ஒரு சிறு மீன் கூட்டம் தூணைச் சுற்றித் திரும்பியது. பக்கத்தில் ஒரு பூசகர் மரச் செருப்போடு நடந்துபோனார், பலகை ஒவ்வொன்றும் வேறு சுருதியில் ஒலித்தது.

முன்மேடையின் பலகைகளுக்கு ஆணி கிடையாது. கல்தூண்களின்மேல் வைத்திருக்கிறார்கள். கடல் மிஞ்சி ஏறினால் பலகைகள் எழும்பிக்கொடுக்கும். இதையெல்லாம் மீறியும் புயல்கள் உடைத்திருக்கின்றன. 1991 செப்டம்பர் புயலில் கடல்மேல் இருக்கும், நோ என்ற மரபு நாடகத்துக்கான மேடை சரிந்தது. 1680ஐ ஒட்டி அசானோ பிரபுக்கள் கட்டியது அது. பொறுக்கிச் சேர்த்த மரங்களையும் பயன்படுத்தி 1994இல் திரும்ப எழுப்பினார்கள். 1999இலும் சேதம். 2004 புயலில் இடப்பக்க இசைக்கூடம் சாய்ந்தது. ஆனால் கவனியுங்கள், அடி வாங்கியவை பெரும்பாலும் கடலோரத்து மேடைகளும் கூடங்களும். உள்ளே கருவறை நிலைத்தது. வெளியே இருப்பவை முதலில் விட்டுக்கொடுத்து உள்ளே இருப்பதைக் காக்கின்றன. கியோமோரி காலத்து மரம் இன்று அனேகமாக இல்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு தீ விபத்துகள். அதன்பின் 1240களில் எடுத்தவை சில, இப்போதைய கருவறை 1571இல் எடுத்தது. அமைப்பு மட்டும் கியோமோரியுடையது. தூண் மாறும், பலகை மாறும், நிற்கும் இடமும் முறையும் மாறா.

தீவே தெய்வம் என்றால் அதில் குடியிருப்பவர்களின் கதி என்ன? கடுமையான கட்டுப்பாடுகள். தீவில் யாரும் பிறக்கக் கூடாது, யாரும் இறக்கக் கூடாது. பேறுகாலம் நெருங்கிய பெண்களைப் படகில் அக்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். சாகக்கிடப்பவர்களையும் அப்படியே. இறந்தவர்களை அக்கரையில் அடக்கம் செய்வார்கள். இன்றும் தீவில் இடுகாடு கிடையாது. இரத்தமும் சாவும் தீட்டு என்ற எண்ணம் நமக்கும் தெரியாததல்ல. ஒரு பெண்ணாக, இடுப்புவலி எடுத்த ஒருத்தியைக் குளிர்காலக் கடலில் படகேற்றுவதை என்னால் மதிப்போடு நினைக்க முடியவில்லை. தீவைப் புனிதமாக வைத்ததன் விலையைக் கொடுத்தவர்களில் அந்தப் பெண்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். காடு அழியாமல் இருப்பதைப் புகழும்போது அவர்களையும் சேர்த்து நினைப்பதுதான் முறை.

அந்தத் தீட்டு விதியை மிகப் பெரிய அளவில் மீறியது 1555இல் நடந்த போர். மோரி மோத்தோநாரி சிறு படைக்காரர், எதிரி சூவே ஹாருகாதாவுக்குப் பல மடங்கு பெரிய படை. தீவில் ஒரு சிறு கோட்டையைத் தூண்டில் இரைபோலக் கட்டி எதிரியை நெரிசலான கரைக்கு வரவழைத்தார் மோத்தோநாரி. பிறகு புயல் இரவொன்றில் கடல் கடந்து, மறுபுறம் இறங்கி, முதுகுப்பக்கத்து மேட்டிலிருந்து விடியலில் பாய்ந்தார். சூவே தீவிலேயே தற்கொலை செய்துகொண்டார். வென்றவர் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். பிணங்களை அக்கரைக்குக் கொண்டுபோக வைத்தார். இரத்தம் தோய்ந்த கூடங்களைக் கடல்நீரால் கழுவ வைத்தார். இரத்தம் ஊறிய மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துத் தீவுக்கு வெளியே அனுப்பினார். 1557இல் வளைபாலத்தைப் புதுப்பித்ததும், 1571இல் கருவறையைத் திரும்ப எடுத்ததும் இதே மோத்தோநாரியின் திருப்பணிதான். குற்றவுணர்வா, அரசியலா என்று வரலாற்றாசிரியர்கள் பேசிக்கொள்ளட்டும். மண்ணைச் சுரண்டிய செயலில் எனக்குப் பயம் தெரிகிறது, தெய்வத்தை மிதித்துவிட்டோமே என்ற பயம்.

கோயிலில் குடியிருப்பவர்கள் மூன்று சகோதரிகள்: இச்சிகிஷிமாஹிமே, தகோரிஹிமே, தகிட்சுஹிமே. சூரிய தேவி அமதெராசுவும் தம்பி சுசானோவும் சபதம் செய்தபோது, சுசானோவின் வாளிலிருந்து பிறந்தவர்கள் என்பது புராணம். கொரியாவுக்குப் போகும் கடல்வழியில், கியூஷூ கரையோரம் முனகதாவில் முதலில் வழிபடப்பட்ட கடல் தெய்வங்கள். இவர்களில் இச்சிகிஷிமாஹிமேயின் கதை நம் பக்கத்துக்கு வருகிறது.

இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சீனம் வழியாக ஜப்பானுக்குப் போன தெய்வங்களில் சரஸ்வதியும் ஒருத்தி. அங்கே அவள் பெயர் பென்சைதென். கையிலிருந்த வீணை, பிவா என்ற ஜப்பானிய நரம்பு வாத்தியமாக மாறியது. நதியில் தொடங்கியவள் ஆதலால் நீரை விட்டு அகலவில்லை, ஜப்பானில் அவளுக்குக் கோயில் இருக்கும் இடங்கள் பெரும்பாலும் தீவுகள், குளங்கள், கடற்கரைகள். கலை, கல்வி, நாவன்மையோடு செல்வத்தையும் அவளிடமே வேண்டிக்கொண்டார்கள். நீர்த் தெய்வமான இச்சிகிஷிமாஹிமேயும் நீரோடு வந்த சரஸ்வதியும் ஒருத்தியே என்று இடைக்கால ஜப்பானியர் முடிவுசெய்தார்கள். ஜப்பானின் மூன்று பெரும் பென்சைதென் தலங்கள் என்று எனோஷிமா, சிக்குபு தீவு, மியாஜிமா ஆகியவற்றைச் சொல்வார்கள். பல நூற்றாண்டுகளாக, ஜப்பானின் பழைய மதமான ஷின்டோவின் தெய்வமும் பௌத்தத் தேவியும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். பூசகரும் துறவியும் சேர்ந்தே வழிபட்டார்கள்.

1868இல் பேரரசர் மெய்ஜியின் புதிய அரசு இரண்டையும் பிரிக்கச் சொன்னது. ஷின்டோ தூய்மையானது, பௌத்தம் வெளியிலிருந்து வந்தது, இரண்டும் கலந்திருக்கக் கூடாது என்று ஆணை. நாடெங்கும் புத்தர் சிலைகள் உடைந்தன, சுவடிகள் எரிந்தன. மியாஜிமாவிலும் அந்தக் காற்று அடித்தது. கோயிலின் செந்நிறமே பௌத்தச் சாயல் என்று சாந்தைச் சுரண்டி வெறும் மரமாக்கினார்கள். கூரையில் ஷின்டோ அடையாளமாகக் குறுக்குக் கொம்புகளைப் பொருத்தினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துத் திருப்பணியில்தான் அவை நீங்கி, பழைய நிறம் திரும்பியது. சரஸ்வதி மட்டும் திரும்பவில்லை. கோயிலின் வெளியேறும் வாசலுக்கு எதிரே இருக்கும் தைகன்ஜி என்ற பௌத்த ஆலயத்துக்கு அவளை மாற்றினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். ஆண்டில் ஒருநாள், ஜூன் 17 அன்று, திரை விலக்கித் தரிசனம்.

கோயிலைச் சுற்றிவிட்டு வெளியே வருகிறவர்கள் தைகன்ஜியைப் பார்க்காமலே கடைத்தெரு நோக்கி நடந்துவிடுகிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் அங்கே நின்று கைகூப்பிவிட்டுத்தான் வருவேன். ஒரு அரசாணை அவளை அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடிவைத்துவிட்டது. சின்னத் தூரம்தான், முப்பது நாற்பது அடி. பல நூற்றாண்டுப் பிணைப்பை அறுத்த தூரம் என்பதால் எனக்கு அது பெரிதாகவே படுகிறது.

கடைத்தெருவில் அவள் வேறு வடிவத்தில் இருக்கிறாள். மியாஜிமாவின் பேர்போன கைவினைப் பொருள் மரச் சோற்றுக்கரண்டி, ஷாமோஜி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தீவில் இருந்த செய்ஷின் என்ற துறவி, பிவா ஏந்திய பென்சைதெனைக் கனவில் கண்டு, அந்த வாத்தியத்தின் வளைவைப் பார்த்துச் சோற்றுக்கரண்டிக்கு வடிவம் கொடுத்தார் என்பது தீவுக்காரர்கள் சொல்லும் வரலாறு. அதற்குப் பின்னால் வயிற்றுப்பாடும் இருந்தது. தெய்வத்தின் மண்ணை உழக் கூடாது என்பதால் தீவில் விவசாயம் கிடையாது. பக்தர் கூட்டத்தை நம்பித்தான் பிழைப்பு. துறவி ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்தார், குடிநீருக்கு அல்லாடிய தீவில் கிணறுகளும் தோண்ட வைத்தார். நம் வீட்டுச் சரஸ்வதியின் வீணை ஒரு சோற்றுக்கரண்டியாகி, ஒரு தீவுக்கே சோறு போட்டது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைகிறது. வாங்கிவந்த கரண்டியில்தான் இன்றும் எங்கள் வீட்டில் சோறு பரிமாறுகிறேன். சோறு அதில் ஒட்டுவதில்லை.

இசையிலும் ஒரு தூரத்து உறவு உண்டு. கோயிலின் உயர்மேடையில் புகாகு என்ற முகமூடி நடனம் ஆடுகிறார்கள். ஏப்ரல் 15, அக்டோபர் 15 ஆகிய விழாக்களில் பார்க்கலாம். 736இல் ஜப்பான் வந்து, 752இல் நாரா நகரத்துப் பெரும் புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் இந்தியத் துறவி போதிசேனர். அவரோடு வந்த, இன்றைய வியட்நாமின் ஒரு பகுதியான சம்பாவைச் சேர்ந்த துறவி கற்றுக்கொடுத்தவை என்று மரபு சொல்லும் ஆட்டங்களில் சில இன்னும் வாழ்கின்றன. கியோமோரி காலத்தில் இந்தக் கலை ஒசாகாவிலிருந்து தீவுக்கு வந்து சேர்ந்தது. தலையில் டிராகன் கவிழ்ந்த பொன்முகமூடியோடு ரியோஓ என்ற ஆட்டத்தை ஆடுகிறவர் காலைத் தூக்கி வைப்பதற்கே ஒரு யுகம் எடுத்துக்கொள்கிறார். அவர் பின்னால் திரைச்சீலை எதுவும் இல்லை. கடலும் வாயிலும்தான்.

விழாக்களில் பெரியது கங்கென்சாய். சந்திர நாட்காட்டியின் ஆறாம் மாதம் 17ஆம் நாள், கோடைக் கடல் நன்றாக ஏறும் மாலையில், மூன்று படகுகளை இணைத்துக் கட்டி, அதன்மேல் தெய்வத்தின் பல்லக்கை ஏற்றி, குழலும் யாழும் மேளமுமாக அக்கரைக் கோயிலுக்குப் போய்த் திரும்புவார்கள். கியோத்தோ பிரபுக்கள் குளத்தில் படகு விட்டுப் பாடிய பொழுதுபோக்கைக் கியோமோரி தெய்வத்துக்கு உரியதாக்கினார். 1701இல் புயலில் சிக்கிய தெய்வப் படகை அக்கரையின் அகா கிராமத்து மீனவர்களும் எபா ஊர்ப் படகுக்காரர்களும் மீட்டார்கள். அன்றிலிருந்து துடுப்புப் போட்டு அந்தப் படகை இழுத்துச் செல்வது அந்த இரண்டு ஊர்களின் உரிமை. இரவு திரும்பும்போது நடைகளுக்கு நடுவிலுள்ள சிறு சதுரத்துக்குள் படகைக் கொண்டுவந்து மூன்று முறை சுழற்றுவார்கள். விளக்குகள் நீரில் வட்டமிட, கூட்டம் கைதட்டும். கடல் போதுமான அளவு ஏறவில்லை என்றால் இது நடக்காது. விழாவின் நேரத்தை நிலாதான் வைக்கிறது.

இனி அந்த ஓடை.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா நகரத்தின்மேல் அணுகுண்டு விழுந்தது. தீவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் கோயில் தப்பியது. அடுத்த மாதம் 17ஆம் தேதி மகுரசாகி புயல் வந்தது. எச்சரிக்கை கொடுக்கவும் ஆளில்லை, மீட்கவும் ஆளில்லை. ஹிரோஷிமா மாவட்டத்தில் மட்டும் 2,000 பேருக்கு மேல் செத்தார்கள். மிசென் மலையில் மண் சரிந்து, மொமிஜிதானி ஓடை வழியாகப் பாறையும் மரமும் சேறுமாக இறங்கி, கோயிலின் பின்புறத்தை நிரப்பியது. பெரும்புயலிலும் கடல் செய்யாத கேட்டை மலை செய்தது.

நகரமே சாம்பலாக இருந்த நாட்டில், ஒரு ஓடையைச் சீரமைக்க யார் மெனக்கெடுவார்கள்? மெனக்கெட்டார்கள். 1948இல் தொடங்கி 1950இல் முடித்தார்கள். மீண்டும் மண் சரிந்தால் தடுத்து நிறுத்தும் தடுப்பணைகள் வேண்டும், ஆனால் அது தெய்வத்தின் மேனி. அதனால் வேலைக்கு முன்னால் விதிகளை எழுதிவைத்தார்கள். பாறைகளை உடைக்கக் கூடாது, காயப்படுத்தவும் கூடாது, கிடைத்த வடிவிலேயே வைக்க வேண்டும். மரங்களை வெட்டக் கூடாது. கான்கிரீட் கண்ணில் படக் கூடாது, இயற்கைக் கல்லால் மூட வேண்டும். வெளியூரிலிருந்து கல் கொண்டுவரக் கூடாது, சரிந்து வந்த கல்லே போதும். வேலையைத் தோட்டக் கலைஞர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

593இல் மண்ணில் குழி தோண்டத் தயங்கியவர்களின் அதே மனசு, சிமெண்டும் பொறியியலும் வந்த பிறகும் இந்த ஐந்து விதிகளில் அப்படியே இருக்கிறது. குண்டு விழுந்து சில ஆண்டுகளே ஆன நேரத்தில், ஒரு பாறைக்கு வலிக்கக் கூடாது என்று எழுதிவைத்தவர்களை நான் என்ன சொல்லிப் பாராட்டுவது என்று தெரியவில்லை. இந்தத் தடுப்பணைகளை ஜப்பான் இப்போது முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது. 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோயில் சேர்ந்தபோது, பின்னாலிருக்கும் காட்டையும் சேர்த்தே எல்லை வகுத்தார்கள். அதே ஆண்டில்தான் ஹிரோஷிமாவில் அணுகுண்டில் சிதைந்து நிற்கும் கட்டடமும் பட்டியலில் சேர்ந்தது.

போகிறவர்களுக்கு: 2023 அக்டோபரிலிருந்து தீவுக்குள் நுழைய 100 யென் வரி உண்டு, படகுக் கட்டணத்தோடு வாங்கிக்கொள்வார்கள். ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். நீர்மட்டம் 100 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் வாயிலடிக்கு நடக்கலாம், 250க்கு மேல் ஏறினால் கோயில் மிதக்கும். முடிந்தால் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். மான்களுக்குத் தீனி போடாதீர்கள், கையில் காகிதம் இருந்தால் பத்திரம், தின்றுவிடும். பிறகு ரோப்கார் நிலையத்துக்குப் போகும் வழியில் மொமிஜிதானி பூங்காவுக்குள் திரும்புங்கள். நவம்பர் நடுவில் மேப்பிள் இலைகளுக்காகக் கூட்டம் அலைமோதும், எல்லோரும் மேலே பார்த்தே நடப்பார்கள். நீங்கள் ஓடைக்குள் பாருங்கள். தண்ணீர் படிப்படியாக இறங்கும் இடங்கள்தான் தடுப்பணைகள். பாலத்தில் நின்று எந்தக் கல்லை மலை வைத்தது, எதை மனிதர் வைத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முயன்று பாருங்கள். என்னால் இரண்டு மூன்றுக்கு மேல் சொல்ல முடியவில்லை.